பயம் வந்தால்தான் தொடுவார்

நடுவிலேயே ஒட்டிவிடலாம் என்று முதலில் தோன்றியது எனக்குத்தான்.

அத்தையின் புதுக் கார் வாசலில் நின்றது. திருச்செந்தூர்க் கோயில் வாசல் கடையில் அத்தை வாங்கி வந்த பித்தளை வேல் தகடு என் கையில். உள்ளங்கை அகலம் இருக்கும். காரின் முகப்பில், கம்பெனியின் லோகோ இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தேன். அதற்கென்றே அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது.

"அத்தை, இங்கன பாருங்க! நடுவுல! முருகனே முன்னால போற மாதிரி இருக்கு!" என்று கத்தினேன்.

அதே நேரம் என் பக்கத்தில் நின்றிருந்தவர் இரண்டடி பின்னால் போனார்.

அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயர் எழுதப் போவதில்லை. எங்கள் தெருவில் அந்தப் பெயர் ஏற்கெனவே கெட்டுக் கிடக்கிறது. அந்தத் தகட்டை ஒட்டியது அவர் என்று அத்தை மூன்று வருடமாக நம்புகிறாள். தெருவும் நம்புகிறது. ஒட்டியது நான்.

அவர் தொழில் மோனோகிராம் எடுப்பதும் மாட்டுவதும். காரின் பின்பக்கம் வண்டியின் பெயர், அது எந்த ரகம் என்பதெல்லாம் வெள்ளி நிற எழுத்துகளாக ஒட்டியிருக்கும் இல்லையா, அதைத்தான் கடைக்காரர்கள் மோனோகிராம் என்பார்கள். பழையதை எடுத்துப் புதியது வைக்க வேண்டும்; பெயிண்டில் மயிரிழை அளவு கீறலும் விழக் கூடாது. பாளையங்கோட்டையில் இந்த ஒரு வேலைக்காக வீடு தேடி வந்தவர் எனக்குத் தெரிந்து அவர்தான். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். ஒல்லி. ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் ஹேர் டிரையர், தூண்டில் நரம்பு ஒரு சுருள், மாஸ்கிங் டேப், மெத்தென்ற துணிகள், சின்ன பாட்டிலில் ஸ்பிரிட். கத்தி கிடையாது. கூரான எதுவுமே கிடையாது.

நான் அவரைச் சந்தித்தது ஒரு ஸ்டீல் ஸ்கேலின் புண்ணியத்தில். இன்ஜினியரிங் இரண்டாம் வருட விடுமுறை. ஒரு நாளைக்குப் பத்து வீடியோ பார்ப்பேன். அப்பாவின் பழைய சிவப்புக் காருக்குப் பின்னால் அந்த எழுத்துகள் மட்டும் இல்லையென்றால் எப்படி மொழுக்கென்று அழகாக இருக்கும் என்று தோன்றிவிட்டது. தோன்றினால் உடனே செய்துவிட வேண்டும் எனக்கு. அப்பா வெளியே போன நேரத்தில் ஸ்கேலைச் செருகினேன். முதல் எழுத்து வந்தது. கூடவே ஒரு விரல் நீளத்துக்குப் பெயிண்டும் வந்தது.

"ஏட்டி, என்னத்தச் செஞ்சு வச்சிருக்க?" என்று கேட்ட அப்பா, பதிலுக்குக் காத்திராமல் யார் யாரிடமோ விசாரித்து மறுநாள் இவரை வரவழைத்தார்.

வந்தவர் கீறலைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். நடிப்பில்லை. உதடெல்லாம் காய்ந்துபோய்விட்டது.

"யாரு செஞ்சா?"

"நான்தாண்ணே."

"செய்யும்போது பயமா இல்லையா தங்கச்சி?"

"இல்லண்ணே."

"அதான்," என்றார்.

மீதி எழுத்துகளை அவர் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் வண்டியைச் சுற்றி இரண்டு நடை. தொட மாட்டார். "கம்பெனி பெயிண்டுதான இது? நெசமாச் சொல்லுங்க. எங்கனயாச்சும் இடிச்சு மாத்துனதா?" என்று அப்பாவிடம் மூன்று தடவை கேட்டார். எழுத்துகளைச் சுற்றி டேப் ஒட்டினார். டிரையரைத் தள்ளியே பிடித்துக் காட்டி, சூடு போதுமா என்று மணிக்கட்டின் உள்பக்கத்தை வைத்துப் பார்த்தார். நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டார். எழுத்துக்கும் பெயிண்டுக்கும் நடுவே அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. அப்பா என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய விரல்கள் லேசாக நடுங்கத் தொடங்கின. வெயிலில் அந்த நரம்பு அதிர்வது எனக்குத் தெரிந்தது.

"பயம் வந்துட்டு," என்றார். "இனி தொடலாம்."

பைய, பைய, ரம்பம் போல நரம்பை இழுத்தார். ஒவ்வொரு எழுத்தும் தானே சம்மதித்து இறங்குவது போல அவர் கையில் வந்து விழுந்தது. மிச்சமிருந்த பசையைச் சுரண்டவில்லை. கட்டைவிரலால் உருட்டி உருட்டியே எடுத்தார். எல்லாம் முடிந்து துடைத்த பிறகும் எழுத்துகளின் நிழல் மட்டும் போகவில்லை. வெயில் படாமல் கிடந்த இடம் அடர்சிவப்பாக, பெயரை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தது.

"இது போவாதாண்ணே?"

"இத்தன வருசம் மறைஞ்சு கெடந்த இடம்லா. எடுத்தாத் தெரியத்தான் செய்யும்."

அதன்பிறகு அவரை எங்கே பார்த்தாலும் நான் வண்டியை நிறுத்திப் பேசுவேன். நான் பேசுவேன், அவர் சுற்றுமுற்றும் பார்ப்பார். அவருக்கு எதற்குத்தான் பயமில்லை? வண்ணாரப்பேட்டை ரவுண்டானா வந்தால் ஸ்கூட்டரை விட்டு இறங்கி, ஓரமாக உருட்டிக்கொண்டே சுற்றி வருவார். ஹெல்மெட் வாரை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். பின்னால் யாராவது கை தட்டினால் எழுந்து நின்றுவிடுவார். ஆற்றில் கணுக்காலுக்கு மேல் இறங்கியதே இல்லையாம். தாமிரபரணிக் கரையில் பிறந்துவிட்டு இப்படியா என்று ஒருமுறை கேலி செய்தேன்.

"குறுக்குத்துறையில பாத்திருக்கல்லா? வெள்ளம் வந்தா முருகன் கோயிலே முழுகிரும். சாமியே முழுகுத ஆறு தங்கச்சி. அதுல எறங்குன்னு என்னச் சொல்லுத."

அவர் சிரிக்காமல் சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்தபின், ஆற்றைத் தாண்டி வீட்டுக்கு வரும்போது, முதல் தடவையாகப் பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்க்காமல் வந்தேன். அவருடைய பயம் அப்படி. சிரித்துக்கொண்டே வாங்கி வருவோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது நம்மிடம் இருப்பது தெரியும்.

எங்கள் தெருக் கடைசியில் ஒரு கான்ட்ராக்டர் வீடு. அவருடைய பெரிய வெள்ளைக் காரில் பின்கதவு எழுத்துகளைக் கறுப்பாக மாற்ற இவரைக் கூப்பிட்டார்கள். வேடிக்கை பார்க்க நானும் போனேன். வழக்கம் போல இரண்டு சுற்று. பின்கதவின் பக்கம் கன்னத்தை வைக்காத குறையாகக் குனிந்து, வெளிச்சம் எப்படி ஓடுகிறது என்று பார்த்தார். நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, இந்தக் கதவு பெயிண்ட் மாத்துனது. எழுத்த எடுத்தா கூடவே வந்துரும். வேண்டாம்."

"என்னவே சொல்லுதீரு? ஷோரூம்ல இருந்து நேரா வீட்டுக்கு வந்த வண்டி!"

"தெரியல அண்ணாச்சி. கை பயப்படுது. ஆனா எப்பவும் வாற பயம் இல்ல இது. வேற பயம்."

"பயத்துல ரகம் வேற வச்சிருக்கீரா? நல்ல ஆளுவே! போம், போம். பயமில்லாதவன நான் கூப்பிட்டுக்கிடுதேன்."

பயமில்லாத ஒருவர் வந்தார். எழுத்துகளோடு பெயிண்டும் எழுத்து எழுத்தாக உரிந்து வந்தது. விற்றவர்கள் இடித்ததை மறைத்து விற்றிருக்கிறார்கள் என்று தெரு முழுக்கப் பேச்சு. நான் ஓடிப்போய் இவரிடம் சொன்னேன், ஏதோ நானே ஜெயித்தது போல. அவருக்குச் சந்தோஷம் இல்லை. முகம் சுருங்கியது.

"எப்படிண்ணே முன்னாலயே தெரிஞ்சுது?"

"தெரிஞ்சு பயப்படல தங்கச்சி. பயந்த பொறவுதான் தெரியுது. சில நேரம் ரொம்பப் பொறவு."

அத்தையின் காருக்கு வருகிறேன். அத்தை அப்பாவுக்கு அக்கா; எங்களுக்குப் பக்கத்து வீடு. நாங்குநேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பேராசிரியர். தினமும் பாளையங்கோட்டையிலிருந்து நாற்கரச் சாலையில் தானே ஓட்டிப் போய் வருவாள். வலது முட்டியில் அறுவை சிகிச்சை செய்திருந்தது. அதனால்தான் பார்த்துப் பார்த்து அந்தக் காரை வாங்கினாள். பெரிய சாலையில் ஏறியதும் ஒரு வேகத்தை வைத்துவிட்டுக் காலை எடுத்துவிடலாம். முன்னால் போகிற வண்டி மெதுவானால் இவள் காரும் தானாகவே மெதுவாகும். அது நின்றால் இதுவும் நிற்கும். "என் முட்டிக்குக் கெடச்ச வரம்ட்டி" என்பாள்.

அந்தச் சனிக்கிழமை அவரைக் கூப்பிட்டது தகடு ஒட்டுவதற்காகத்தான். என் ஸ்கேல் கதை குடும்பம் முழுக்கத் தெரியும் என்பதால் அத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "நீ கை வச்சிராத. அந்தப் பிள்ள செய்யட்டும்." சொல்லிவிட்டு, நான் நடுவில் வைத்துக் காட்டியதையும் பார்த்துச் சரியென்று தலையசைத்துவிட்டு, காலை நீட்டிக்கொள்ள உள்ளே போய்விட்டாள்.

இரண்டடி பின்னால் போனவர் திரும்ப முன்னால் வந்து லோகோவை மணிக்கட்டால் தொட்டுப் பார்த்தார்.

"இது மத்த வண்டி லோகோ மாதிரி இல்ல. கண்ணாடி மாதிரி தட்டையா, மொழுமொழுன்னு இருக்கு. மத்ததுல பள்ளம் மேடு இருக்கும்லா."

"புது மாடல்ண்ணே. அப்படித்தான் இருக்கும்."

"இதுக்குப் பின்னால என்னமோ இருக்கு."

"என்ன இருக்கு?"

"தெரியல. பயமா இருக்கு."

"சாமிய ஒட்டவுமாண்ணே பயம்?" என்று நான் சிரித்தேன்.

அவர் டப்பாவை மூடினார். "டீச்சர்ட்ட சொல்லு. விசாரிச்சிட்டு வாரேன். நடுவுல வேண்டாம். உள்ள, டேஷ்போர்டுல வச்சுக்கிடலாம்." ஸ்கூட்டரைக் கிளப்பியவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தேன். எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் வீட்டிலேயே இருந்தது. லோகோவைத் துடைத்து, ஒட்டி, அவர் செய்வது போலவே கட்டைவிரலால் ஓரமெல்லாம் அழுத்தினேன். என் கை நடுங்கவே இல்லை. கல்லில் செதுக்கியது போல நின்றது. அதில் எனக்குப் பெருமை வேறு.

சாயங்காலம் அத்தை வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நேரா ஒட்டிருக்கானே! அவந்தான?"

"ஆமா அத்தை. அண்ணன்தான் ஒட்டுனாவ."

அவ்வளவுதான் நான் சொன்னது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். ஹெல்மெட் தலையில் இருந்தது. வார் மாட்டாமல் தொங்கியது. அதைப் பார்த்ததுமே எனக்கு ஏதோ ஆகிவிட்டது.

"டீச்சர் எங்க? அந்தத் தகட்ட நீ ஒட்டலல்லா?"

நான் பக்கத்து வாசலைப் பார்த்தேன்; கார் இல்லை.

"சர்வீஸ்ல இருக்க பயட்ட இப்பத்தான் கேட்டேன். லோகோவுக்குப் பின்னாலதான் அந்த வண்டிக்குக் கண்ணு இருக்காம். ராடாரு. முன்னால வண்டி போறத அதுதான் பாக்குமாம். உலோகம் எதுவும் மறைக்கக் கூடாதாம் தங்கச்சி."

அத்தை கிளம்பிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது எடுக்க மாட்டாள். அந்த விஷயத்தில் கறார். திரும்ப அடித்தேன். அப்பா ஊரில் இல்லை. ரவுண்டானாவில் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போகிற மனுஷன், "ஏறு" என்றார்.

நாற்கரச் சாலையில் அவர் அதற்கு முன் ஸ்கூட்டர் ஓட்டியிருக்க மாட்டார். ஒவ்வொரு பஸ்ஸும் எங்களைத் தாண்டும்போது ஸ்கூட்டர் ஒரு முழம் விலகியது. ஒவ்வொரு ஹாரனுக்கும் அவர் தோள்கள் காது வரை ஏறி இறங்கின. ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். காற்றில் "முருகா" மட்டும் கேட்டது. நான் பின்னால் உட்கார்ந்து, சாலையில் தூரத்தில் தெரிகிற ஒவ்வொரு கூட்டத்தையும், நின்றிருக்கிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்து, அதுவாக இருக்கக் கூடாது, அதுவாக இருக்கக் கூடாது என்று எண்ணிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் சாலையில் கண்ணாடித் தூள் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் பார்த்ததும் அவருக்குத் தெரியும்.

மூன்றடைப்பு ஊரைத் தாண்டி, இடது ஓரத்தில் அத்தையின் கார் மண்ணில் இறங்கி நின்றது. அதற்குக் கொஞ்சம் முன்னால் வாழைத்தார் ஏற்றிய ஒரு லோடு வண்டி. அத்தை கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நின்றாள். அதைப் பார்த்ததும் நான் ஸ்கூட்டரிலேயே அழுதுவிட்டேன்.

"முன்னால மெதுவாப் போனான். இது நிக்கும், இது நிக்கும்னு இருந்தேன். நிக்கவே இல்லட்டி," என்றாள் அத்தை. குரல் அவளுடையது போல இல்லை. "தார் முகத்துல வந்து மோதுத மாதிரி வந்துட்டு. முட்டியத் தூக்கி பிரேக்க மிதிச்சு ஓரமா ஒடிச்சேன். காலைல இருந்தே ஒரு மஞ்ச லைட்டு எரிஞ்சுது. சீட் பெல்ட்டுக்கு இருக்கும்னுட்டேன்." பிறகு முகப்பைப் பார்த்துக் கும்பிட்டாள். "முருகன்தான் காப்பாத்துனான். அந்த வேல்தான் காப்பாத்துச்சு."

லோடு வண்டி டிரைவர், "யம்மா, கும்புடுதது இருக்கட்டும், தண்ணியக் குடிங்க மொதல்ல," என்று பாட்டிலை நீட்டினார்.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவர் அத்தையின் முன்னால் போய் நின்றார். ராடார் பற்றி, கண் மறைந்தது பற்றி எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னார். அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகம் மாறுவதை நான் பார்த்தேன்.

"அப்ப இத ஒட்டுனது நீதானப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. கேட்பது போலவும் இல்லை. எழுத்தை எடுக்குமுன் நரம்பை வைத்துவிட்டு நிற்பாரே, அப்படி ஒரு பார்வை. நான் காத்திருக்கிறேன், எவ்வளவு நேரமானாலும், என்பது போல.

நான் வாழைத்தாரைப் பார்த்தேன். பச்சைத் தார்கள். காம்புகளில் பால் வடிந்திருந்தது.

"தப்பு எம்மேலதான் டீச்சர்," என்றார் அவர். "அன்னைக்கே பயம் வந்துது. பயந்ததோட போயிட்டேன். உங்கட்ட வந்து சொல்லிட்டுப் போயிருக்கணும்."

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தச் சூடான மண்ணில் முழங்காலிட்டு, டப்பாவைத் திறந்தார். டிரையருக்கு அங்கே கரண்ட் இல்லை. வெயிலே தகட்டைச் சூடாக்கியிருந்தது. நரம்பை வைத்தார். லாரிகள் போகப் போக அவர் சட்டை படபடத்தது. "சீக்கிரம் எடப்பா!" என்றாள் அத்தை. அவர் எடுக்கவில்லை. அன்று அவர் கைகள் முதலிலிருந்தே நடுங்கின, ஆனாலும் நின்றார். அந்த நடுக்கம் லாரிக்கா, அத்தைக்கா, முருகனுக்கா, அல்லது அந்த வேலைக்கே உரியதா என்று பிரித்துப் பார்க்கிறவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பயம் வந்துட்டு. இனி தொடலாம்."

தகடு வந்தது. லோகோவில் ஒரு கீறல் இல்லை. தகட்டைத் துணியில் சுற்றி, இரண்டு கையாலும் அத்தையிடம் கொடுத்தார். அத்தை வாங்கிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அத்தை யாரிடமும் பொய் சொல்லவில்லை. தான் நம்பியதைச் சொன்னாள். மாலை நடைக்கு வருகிற தோழிகளிடம், கோயிலில், வங்கி வரிசையில். கான்ட்ராக்டர் அண்ணாச்சி தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "பயந்து பயந்தே ஒரு உசுர எடுக்கப் பாத்தாம்லா!" இரண்டு மாதத்தில் எங்கள் பகுதியில் அந்த ஸ்கூட்டரைப் பார்க்க முடியவில்லை. ஆழ்வார்திருநகரியில் தங்கை வீட்டோடு இருக்கிறார், அந்தப் பக்கம் ஒரு வாட்டர் சர்வீஸில் கார் கழுவுகிறார், எழுத்து எடுக்கக் கூப்பிட்டால் கையை எடுத்துக் கும்பிட்டுவிடுகிறார் என்று யாரோ அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா, "பாவம், கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்," என்றார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தொடர்ந்து சாப்பிட்டேன்.

மூன்று வருடத்தில் ஒரு தடவை அவர் எண்ணுக்கு அடித்தேன். "சொல்லு தங்கச்சி," என்றார். வைத்துவிட்டேன். இரண்டு சொல்தான். குரலில் கோபம் இருந்திருந்தால் பேசியிருப்பேன்.

போன வாரம் அத்தை போன் செய்தாள். காரின் பின்பக்கம் ஒரு எழுத்து எழும்பி ஆடுகிறதாம். "ஞாயித்துக்கிழம காலைல வந்து ஒட்டித் தாட்டி. நீ இப்ப கார் கம்பெனியிலயே வேல பாக்கிறவ. அந்தப் பயல மட்டும் கூப்பிட்டுராத."

நாளை ஞாயிற்றுக்கிழமை. பிஸ்கட் டப்பா ஒன்று நானும் வாங்கி வைத்திருக்கிறேன். நரம்பு, டேப், துணி, ஸ்பிரிட் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். எழுத்தை ஒட்டுவது பத்து நிமிட வேலை. அதற்கு முன்னால் அத்தையை நாற்காலியில் உட்கார வைத்து, முட்டியை நீட்டிக்கொள்ளச் சொல்லி, அந்தத் தகட்டை ஒட்டியது நான் என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகு அவள் என்னைப் பார்க்கப் போகிற பார்வையை நினைத்து டப்பாவைத் திறந்து திறந்து மூடுகிறேன். அப்பாவையும் கூடவே இருக்கச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் அத்தை போனை வாங்கி, அவள் முன்னாலேயே அவருக்கு அடித்துக் கொடுக்க வேண்டும். அவர் எடுப்பார். "சொல்லுங்க டீச்சர்" என்பார்.

சரியாக வருமா என்று பார்க்க நரம்பை இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்தேன். விரல்களுக்கு நடுவே அது அதிர்கிறது. ஸ்கேலைச் செருகியபோது நடுங்காத கை. தகட்டை ஒட்டியபோது கல்லாக நின்ற கை.

பயம் வந்துவிட்டது. இனி தொடலாம்.